முந்தானையைப் பிடித்த கை

வெள்ளிக்கிழமை இரவு

சிறுமூளையில் கோளாறு வந்ததிலிருந்து எனக்கு நிற்க, நடக்கத் தள்ளாட்டம். இன்று தேனியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் மறுபடி பேலன்ஸ் டெஸ்ட் எடுத்தாள். காலைச் சேர்த்து வைத்து, எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். ஆடாமல் நின்றேன்.

"போன தடவைக்கு எவ்வளவோ தேவலக்கா" என்று மார்க் போட்டாள்.

எனக்கே நம்பிக்கையில்லை. திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் பின்னால் நின்று என் முந்தானையை இழுத்துப் பிடித்திருக்கிறார்.

"விழுந்துருவியேன்னுதான்" என்றார்.

"அந்த மார்க்கை அடிச்சிட்டு திரும்ப எடும்மா" என்றேன்.

"ஏத்தா, நல்ல மார்க்குதான வந்திருக்கு?"

"அதுல பாதி உங்களுது. நீங்க வெளிய போய் உக்காருங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. நன்றாகவே ஆடினேன். கொஞ்ச நேரத்தில் கால் தானாக அகன்றுவிட்டது. மார்க் குறைந்தது. குறையட்டும், அது முழுக்க என்னுடையது.

கம்பம் வரும்வரை பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கையும் நடுங்குவதால் இந்த டைரியில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. இவர் இப்போது எட்டிப் பார்த்து, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்கிறார்.

கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லிவிட்டேன்.