காலண்டரில் புள்ளி வைக்காத இரண்டு மாதம்

திருவள்ளூர்
9-8-1976

சௌபாக்கியவதி அலர்மேல்மங்கைக்கு அம்மா ஆசீர்வாதம். பெருமாள் கடாட்சத்தில் இங்கே ஒருவருக்கும் ஜலதோஷம்கூட இல்லை, ஜாம்ஷெட்பூரில் நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அப்படியே இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சமையல் உள்ளில் இருந்தது நான், உன் தம்பி தேசிகன் ஆம்படையாள் கோதைநாயகி, உன் அத்தை செங்கமலவல்லி, மூன்றே பேர். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். இதை முதலில் எழுதக் காரணம், நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

கோதை விலக்காகி உட்காரும் நாளுக்குக் காலண்டரில் பென்சில் புள்ளி வைப்பேன், உனக்கும் வைத்தவள்தானே. கடைசிப் புள்ளி வைத்துச் சனிக்கிழமையோடு அறுபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஆடி அமாவாசைக்குக் கோயில் குளத்தில் வேண்டுதலாக வெல்லம் கரைத்தேன், மாவடு எடுத்து வைத்தேன், அத்தைக்கும் சொல்லியனுப்பினேன். அவள் குங்குமப்பூ டப்பியோடு வந்து, எத்தனை மாசம்டி என்று கோதையின் கன்னத்தைத் தடவினாள். அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஒண்ணுமில்லை அத்தை, மாசாமாசம் வந்துண்டுதான் இருக்கு, சொல்றதைத்தான் நிறுத்திட்டேன் என்கிறாளடி! அடிப்பாவி, பெருமாள் தளிகையைத் தொட்டியா என்று அத்தை கத்தினாள். தொட்டேன், போன மாசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டேளே புளியோதரை, அது அன்னிக்குப் பண்ணினதுதான் என்றாள். அத்தை தீர்த்தம்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள், குங்குமப்பூவையும் எடுத்துக்கொண்டு.

கோதை வேலைக்குப் போகும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மாசம் மூணு நாள் லீவு கேட்டால் பொம்மனாட்டியே வேண்டாமென்று அனுப்பிடுவாளாம். அங்கே எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்க்கிறவ, ஆத்து வாசப்படி தாண்டினதும் கொல்லையில ஒக்காரணுமாம்மா என்று என்னையே கேட்கிறாள். தேசிகனுக்கும் தெரிந்திருக்கிறது! அப்பா ஏதாவது சொன்னா அங்கேயே ஒரு ரூம் பார்த்துக்கறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் ஐப்பசி மழையில் மாட்டுக்கொட்டகையில் ஈரப்புடவையோடு மூன்று நாள் இருந்தேன், ஜுரம் என்று உள்ளே சொல்லியனுப்பக்கூடப் பயம். இவளுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? இந்த இரண்டு மாதத்தில் அபசாரத்துக்குப் பலனாக ஏதாவது கெடுதல் நேர்ந்ததா என்று நாள் நாளாகப் புரட்டிப் பார்த்தேன், அப்பாவின் முட்டிவலி குறைந்ததுதான் இருக்கிறது. அதுவும் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

வருகிற அமாவாசையிலிருந்து அப்பாவுக்குக் கோயிலில் கைங்கர்ய முறை, ஆத்தில் தீட்டுக் கலக்கக் கூடாது. அதற்குள் நான் சொல்லாவிட்டால் தானே வந்து சொல்வதாக அத்தை ஆள் அனுப்பியிருக்கிறாள். நானே சொல்லிவிடலாம், ஆனால் கோதையை அனுப்பிவிடுங்கள் என்று சொல்வதா, இருக்கட்டும் என்று சொல்வதா? அனுப்பினால் பிள்ளையும் போய்விடுவான். நீ அங்கே போய் ஆறு வருஷம், அந்த ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் அந்த மூன்று நாள் எங்கே உட்காருகிறாய், யார் தளிகை பண்ணுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம். இப்போது கேட்கிறேன், எனக்காகப் பூசி மெழுகாதே, உள்ளதை எழுது.

தீர்க்க சுமங்கலியாய் இரு. குழந்தைக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே. கார்டில் எழுதாதே, கவரில் ஒட்டி என் பேருக்கே போடு. அமாவாசை இருபத்தைந்தாம் தேதி, அதற்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா கனகவல்லி