பாட்டு ஓடுதுக்கா

காஜா பெராங், ஞாயிறு இரவு, செப்டம்பர் 1957

"மின்சாரத்துக்கு வழி தெரியுமா சார்?" என்று முன்பு ஒரு மாணவன் கேட்டான். நாம் விட்ட வழியில்தான் போகும் என்றேன்.

மனைவிக்குக் காது மந்தம். அவளுக்காக இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைத்து உரக்கப் பாட வைத்திருந்தேன். இன்று நான் காய்கறி வாங்கப் பசாருக்குப் போனபோது, மைத்துனன் பெட்டியின் கம்பியைப் பிடுங்கி, ரேடியோவில் பாட்டு வெளியே போகும் ஒலிபெருக்கித் துளையில் செருகிவிட்டான். வாயோடு வாயை வைத்தால் யார் கேட்பது? சத்தமே இல்லை. தவறை மறைக்க அவள் காதருகே, "பாட்டு நல்லா ஓடுதுக்கா, ஒனக்குத்தான் கேக்கல" என்று கத்தியிருக்கிறான்.

நான் வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். "பாட்டும் போயிருச்சுங்க."

"சும்மா விளையாட்டு, அத்தான்" என்றான். வெளியே போ என்றேன்.

கம்பியைப் பழைய துளைக்கு மாற்றியதும் பாட்டு வந்தது. அவள் அழுகை நிற்கவில்லை.

பெட்டி ஊமையானால், அடுத்தவர் காதைக் குறை சொல்லுமுன், கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்.