தைலம் தொட்ட துணி

ஈரம் ஏறாமலிருக்க அலமாரிக்குள் எரியும் குண்டு பல்பு நேற்று போய்விட்டது. கல்யாணமாகி ஊட்டிக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து, "துணிக்கெல்லாம் எதுக்குங்க லைட்டு, படிக்கப் போகுதா?" என்று சிரித்தவள் நீ. ஒரு மழைக்காலத்தில் பட்டுச் சேலை பூசணம் பூத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. புதுப் பல்பு மாட்டக் கையை விட்டேன். அடித்தட்டின் மூலையிலிருந்து நீலகிரித் தைல வாசம் வந்தது. உன் பழைய சேலைத் துண்டு. எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தட்டில்தான் நம் கல்யாண வீடியோ கேசட்டை வைத்திருந்தாய். வெயில் தலைகாட்டினால் ஜன்னலோரம் நிறுத்தி வைப்பாய். படுக்க வைத்தால் சுருள் சரிந்துவிடுமாம். என்னைக்கூட அவ்வளவு கவனித்ததில்லை என்று கேலி செய்வேன். எல்லாம் உன் அப்பாவுக்காக. கல்யாணமான வருஷமே அவர் போய்விட்டார். கேசட் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தான் வீடியோக்காரன். தாலி ஏறியதும் உன் அப்பா உடைந்து அழுகிற இடத்தில் மட்டும் பாட்டு இல்லை. "அழுவாதீங்கப்பா, நா நல்லாத்தான் இருப்பேன்" என்று நீ சொல்வது அப்படியே கேட்கும். அவர் முகத்தைப் பார்க்க நீ அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாய்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மழை. மரம் விழுந்து, நம் பெர்ன்ஹில் பக்கம் பல நாள் கரண்டே இல்லை. பல்பு எரியாத அலமாரியில் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நீ அசரவில்லை. சளிக்கும் தைலம், சுளுக்குக்கும் தைலம், மைக்கறைக்கும் தைலம் என்று வாழ்ந்த வீடல்லவா நம்முடையது? திருகாணிகளைக் கழற்றி, நாடாவைச் சாண் சாணாக இழுத்துத் தைலம் தொட்டுத் துடைத்தாய். துணியில் பழுப்புப் பழுப்பாக இறங்கியது. "பாருங்க, எத்தன அழுக்கு" என்று பெருமையாகக் காட்டினாய். கடைசியில் பந்தி இருக்கும் பகுதி வந்ததும் கை ஓய்ந்து, "அவிக சாப்பிடறதத் தொடச்சு என்னத்துக்கு" என்று மூடிவிட்டாய்.

துடைத்த கேசட்டைப் போட்டுப் பார்க்கலாமென்றால், டெக் ரிப்பேருக்குப் போனது போனதுதான், சரியாகவேயில்லை. அதற்குள் உனக்கு நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட, "கேசட்டு பத்திரமா இருக்குதுங்க, பாப்பா பெருசானா போட்டுக் காட்டுங்க" என்றாய். அது பட்டன் போன் காலம். உன் குரலைப் பிடித்துவைக்க யாருக்குத் தோன்றியது?

பாப்பா இப்போது முழுகாமல் இருக்கிறாள். போன மாதம் போனில், "அம்மா குரலே மறந்துபோச்சுப்பா, ஒருக்கா கேட்டாப் போதும்" என்றாள். கேசட்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கினேன். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர் பிரித்து, நாடாவை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக அவர் விரல் தெரிந்தது.

"எதைப் போட்டுங்க தொடச்சீங்க? மேல இருந்த பழுப்புலதானுங்க படமும் சத்தமும் இருக்கும். இது வெறும் பிளாஸ்டிக்குங்க."

நீ பார்த்துப் பார்த்துத் துடைத்த இடமெல்லாம் போயிற்று. கை ஓய்ந்து நீ துடைக்காமல் விட்ட பந்தி மட்டும் தப்பியது. அதைத்தான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். யார் யாரோ சாப்பிடுகிறார்கள். யாரோ பாயசத்துக்கு இலையை வழிக்கிறார்கள். அதற்கும் சினிமாப் பாட்டு. நீ எங்கேயும் இல்லை. உன் மேல் கோபமாவது வந்தால் தேவலை, அதுவும் வரமாட்டேன் என்கிறது. தெரியாமலே போய்விட்டாயே, அந்த மட்டில் நீ கொடுத்துவைத்தவள். பாப்பாவிடம் மெஷின் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் விடாமல் கேட்கிறாள். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்வேன்?

நேற்று அந்தத் துணியை விரித்துப் பார்த்தேன். பழுப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. உன் அப்பாவின் அழுகையும் உன் பேச்சும் இதில்தானே இறங்கின? யாரும் பார்க்கவில்லை என்று காதில் வைத்துப் பார்த்தேன். தைல வாசம்தான் வந்தது. இனி துவைக்க மாட்டேன். மடித்து, புதுப் பல்புக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அழுவாதீங்கப்பா, நா நல்லாத்தான் இருப்பேன். வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் என் குரலில்தான் வருகிறது.