நேமத்தான்பட்டி சாம்பாரில் உப்பு

காரைக்குடி
மார்ச் 9, திங்கள்

அன்புள்ள அமலிக்கு,

சேசுவுக்கே தோத்திரம். இது போன் இல்லை, காகிதம். என் குரல் உயர்ந்தாலும் உனக்குக் கேட்காது. அதனால் பாதியில் வைத்துவிடாமல் கடைசி வரை படி. மூன்று நாளாகச் சேதி வயிற்றுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் எல்லாரும் சுகமா? இங்கே கேட்கிறவர்களிடம் நீ அக்கா மகள் பிரசவத்துக்குப் போயிருப்பதாகவே சொல்லி வருகிறேன். பிள்ளைக்கு ஆண்டு நிறைவே வந்திருக்குமே, பேர் என்ன வைத்தார்கள் என்று மரிய புஷ்பம் டீச்சர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

அந்த டீச்சர்தான் இதற்கெல்லாம் காரணம். சாம்பல் புதன் முடிந்து, நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், ஆளுக்கொரு புண்ணியத்தைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு எடுக்கச் சொன்னார். தவக்காலம் நாற்பது நாளும் அதைப் பழக வேண்டுமாம். எனக்கு வந்தது ‘சாந்தம்’. கூட்டமே சிரித்தது. வேறு சீட்டு கேட்டேன், எரிச்சலோடுதான் கேட்டேன். அந்தக் குரலுக்குத்தான் இந்தச் சீட்டு என்று டீச்சர் டப்பாவை மூடிவிட்டார்.

தினமும் விடியற்காலையில் கால் மணி நேரம் தியானம் செய்யச் சொல்லிக் கொடுத்தார் பங்குச் சாமியார். சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, கண்ணை மூடி, அந்த இடத்தில் நாமும் நிற்பதாக நினைக்க வேண்டும். மாலையில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட்டேன். நம் வீட்டில் அதற்கா பஞ்சம்! முதல் நாள் பாதி டம்ளர் நிறைந்தது. தியானமோ, முதல் வாரம் முழுக்கத் தூக்கம். இரண்டாம் வாரம் மளிகைச் சாமான் லிஸ்ட்.

போன வெள்ளிக்கிழமை நேமத்தான்பட்டியில் கல்யாணச் சமையல், அறுநூறு இலை. அன்றைக்கு விடியற்காலைத் தியானத்துக்கு நான் எடுத்தது சுவிசேஷத்தில் வரும் கானாவூர்க் கல்யாணம். திராட்சை இரசம் தீர்ந்துபோகிற இடம் வந்ததும் எனக்குள் இருந்த சமையல் மாஸ்டர் எழுந்து, லிஸ்ட் போட்ட மடையன் எவன் என்று தேடப் போய்விட்டான். அந்தக் கானாவூர் அடுக்களை முழுக்கத் தேடினேன். தேடும்போதுதான் மாதாவைப் பார்த்தேன், அமலி. அந்த அம்மா யாரையும் தேடவில்லை. எவன் தப்பு என்று கேட்கவே இல்லை. இன்னது குறைகிறது என்று மகனிடம் சொன்னார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்த வாசகத்தைப் பூசையில் கேட்கிறேன், இது என் காதில் விழுந்ததே இல்லை.

அன்றைக்கே சோதனையும் வந்தது. தவக்காலத்தில் மதியம் வரை என் நாக்கில் எதுவும் படாது என்பதும், அந்த நாட்களில் உப்புப் பார்ப்பது நீ என்பதும் உனக்குத் தெரியும். இந்த வருஷம் நம் கையாள் ஏகப்பனைப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றான். முதல் பந்தி பாதியில் பெண் வீட்டுக்காரர் அடுக்களைக்கு வந்து, சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொக்கு எனக்கு எட்டாதபடி பெரிய கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அவமானமாகிவிட்டது. பத்து வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறவள், என் கையை அப்படிப் பழகி வைத்திருக்கிறாள்.

உப்புக் கூடிவிட்டது, வெந்த பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பருப்பும் வெந்நீரும் கத்தரிக்காயும் சேர்த்து இரண்டாம் பந்திக்குச் சரி செய்துவிட்டோம். யார் போட்டது என்று நான் கேட்கவே இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை அமலி, ஓடிப்போய் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது!

பந்தி முடிந்ததும் ஏகப்பன் விறகுக் கட்டுப் பக்கம் உட்கார்ந்து அழுதான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னான்: “அண்ணே, போன வருசம் பள்ளத்தூர்ல ரெண்டாந்தரம் உப்பு அள்ளிப் போட்டது நாந்தாண்ணே. மதினி பாத்துட்டாக. உன்னைய அடிச்சு வெரட்டிருவாரு, நீ பேசாம இருன்னுட்டாக.”

பள்ளத்தூரில் அத்தனை பேர் முன்னால் உன்னை என்னவெல்லாம் சொன்னேன், கரண்டியை எங்கே வீசினேன் என்பது எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கோயம்புத்தூர் பஸ் ஏறும்போதும் சொல்லவில்லை. எனக்குச் சீட்டில் எழுதித் தர வேண்டியிருந்த சாந்தம், என் அடுப்படியிலேயே இருபத்தொரு வருஷம் நின்றிருக்கிறது. நான் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

எல்லார் முன்னாலும் திட்டியவன் எல்லார் முன்னாலும்தானே சொல்ல வேண்டும்? அங்கேயே சொக்குவையும் மற்ற ஆட்களையும் கூப்பிட்டு, உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். ஏகப்பனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இன்று காலை பள்ளத்தூருக்கும் போய், அந்தக் கல்யாண வீட்டு ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மோர் கொடுத்தார். இதற்காகவா பஸ் ஏறி வந்தீக என்றார். ஆமாம் ஆச்சி, இதற்காகத்தான் என்றேன்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் டம்ளரில் இரண்டு கொட்டை இருக்கிறது. ஒன்று கேஸ் சிலிண்டர்காரனுக்கு, ஒன்று கண்டக்டருக்கு.

ஏப்ரல் 5 உயிர்ப்பு ஞாயிறு. அன்று நம் அன்பியத்துக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். கறிக்குழம்பு என் பொறுப்பு. நோன்பு முடிந்துவிடும், நானே ருசி பார்க்கலாம். ஆனால் குழம்பில் உப்புப் போடப் போவதில்லை. உப்புச் சாடியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து ஒதுங்கி நிற்பேன்.

மாதா உன் கூடவே இருந்து வழித்துணையாக வரட்டும்.

மன்னிப்புக் கேட்டு நிற்கும்
உன் இன்னாசிமுத்து