பால் பார்க்க எழுந்த இடம்

மதினி,

காலையில் இயர்போனைத் தேடி எடுத்தேன். வலது பக்கத்துப் பஞ்சில் உங்கள் மருதாணி எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு, கடைசிப் பாடத்தைப் பார்க்காதவர்கள் எழுத முடியாது என்று போன் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது, அதற்கு எங்கே தெரியும்.

நான் புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது, ஏன் வந்தாய் என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான். "அடுத்து என்ன படிக்கப் போற" என்று கேட்டீர்கள். நாகமலை புதுக்கோட்டையில் இருந்துகொண்டு பல்கலைக்கழக வாசலைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி நாம். போனில் இலவசமாகப் பொருளாதாரம் சொல்லித்தருகிறார்கள் என்றதும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். அண்ணன் சிரித்தார். "மொதல்ல வீட்டுப் பொருளாதாரத்தப் பாருங்க."

"அதத்தான் இம்புட்டு வருசமாப் பாக்குறோம். ஊர்ப் பொருளாதாரத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரோம்" என்றீர்கள்.

ஆளுக்கொரு காது. போனில் வாத்தியார் இங்கிலீஷில் ஓட, நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்றார் ஒருநாள். உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"மல்லியப்பூ வெல எம்புட்டு ஏறுனாலும் கல்யாண வீட்டுல வாங்காம விட்டுருவாகளா? கேளு அவர."

"அவருக்குக் கேக்காது மதினி. இது எப்பவோ எடுத்த வீடியோ."

"கேள்வி கேக்க முடியாதவரு என்ன வாத்தியாரு?"

உங்கள் கேள்வியை வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இலவசம்தான், மதினி. யாரும் வரலாம். வராமல் போனால் ஏனென்று கேட்கத்தான் ஆளில்லை. எனக்கு நீங்கள் இருந்தீர்கள். அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து, "என்ன, இன்னைக்கி வகுப்பு இல்லையா?" என்பீர்கள். சோம்பலாக இருந்தாலும் எழுந்துவிடுவேன்.

ஒருத்தியை விட்டுவிட்டு ஒருத்தி பார்க்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். கடைசிப் பாடத்தின் நடுவில் பால் பொங்கியது. "நிப்பாட்டு, வாரேன்" என்று எழுந்து போனீர்கள். அன்று அதற்கப்புறம் வேலையே சரியாக இருந்தது, திரும்ப வந்து உட்காரவில்லை. மறுநாள் காய்ச்சல். அப்புறம் ஆஸ்பத்திரி.

இத்தனை நாள் அந்தப் பாடத்தைத் தொடவில்லை. தொட்டால் உங்களை விட்டுவிட்டுப் போனதாகிவிடும் என்றிருந்தது. ஆனால் தேர்வு எழுதாவிட்டால் என்னை விடமாட்டீர்கள். இன்று மத்தியானம், வீட்டில் யாருமில்லாதபோது, இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரத்திலேயே அவர் சொன்னார்: சில பொருட்களை, விலை எவ்வளவு ஏறினாலும், வேண்டியவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். உங்கள் கேள்விக்குப் பதில், மதினி. வழக்கம்போல நிறுத்திவிட்டு, தமிழில் சொல்லத் திரும்பினேன். பாய் காலியாக இருந்தது. அழுதேன்.

பிறகு முழுப் பாடத்தையும் பார்த்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் எழுதுவேன்.

பாடத்தை மட்டும் நீங்கள் பால் பார்க்க எழுந்த இடத்துக்கே திருப்பி, நிப்பாட்டி வைத்திருக்கிறேன்.