உன் கீபோர்டில்தான் எழுதுகிறேன்

வெந்தயமும் பூண்டும் சேர்ந்து கொதிக்கிற வாசனை மூன்று மணிக்கே பஜார் ரோடு வரைக்கும் வந்துவிட்டது. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய என் கடைக்குள் வேறொரு வாசனை நுழைவது லேசில்லை. நோன்புக் கஞ்சிக்கு மட்டும் அந்தத் தைரியம் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய உன் தூக்கை எடுத்தேன். மூடி நசுங்கிய எவர்சில்வர் தூக்கு. போன நோன்பின் கடைசி நாள் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, "நாளைக்கு எடுத்துக்கறேன்டா" என்று கிளம்பினாய். பெருநாள் கழிந்து பத்தாம் நாள் நெஞ்சு வலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று அந்தத் தூக்கோடு பள்ளிவாசல் வரிசையில் நின்றேன். உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரைக்கும் பொறு. எப்போதும் என்னைக் காக்க வைத்தவன்தானே நீ.

நம் இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பேசச் சொன்னால் பொளந்து கட்டுவோம். ஒரு தமிழ் பஸ் போர்டைப் படிக்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்போம். எனக்கு மேலப்பாளையத்தில் பெண் நிச்சயமானதும் வந்தது வினை. அவள் போனில் தமிழில் எழுதி அனுப்புகிறாள், எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. நீ அப்போது அக்கரையில், எர்ணாகுளத்தில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாய். சாயங்காலம் படகு இறங்கினால் நேரே என் கடை, ஒரு சாயா, அப்புறம்தான் வீடு.

"பேசிட வேண்டியதுதானேடா?" என்றாய்.

"பேசினா பக்கத்துல அவங்க அத்தா நிக்கறாரு."

அரை கிளாஸ் சாயா குடிக்கிற நேரம் யோசித்தாய். மூன்று வாரம் கழித்து என் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தாய். அவள் தமிழில் அனுப்பினால் எனக்கு மலையாள எழுத்தில் காட்டியது. நான் மலையாள எழுத்தைத் தட்டினால் அவளுக்குத் தமிழில் போனது. அவ்வளவுதான் அந்தக் கீபோர்டு. ஆனால் எனக்கு அது கல்யாணமே நடத்தி வைத்த கீபோர்டு.

"சரியா ஓடுதான்னு சோதிக்கணும், நீ எழுதறதெல்லாம் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு" என்று முகத்தைப் பெரிய விஞ்ஞானி மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாய். நானும் நம்பி அனுப்பினேன். ஒரு மனிதன் தன் வருங்கால மனைவிக்கு எழுதியதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். நிக்காஹ் அன்று பந்தலில் என் காதருகே குனிந்து, "கோச்சுக்கிட்டியா கண்ணு?" என்று என் வரியை என்னிடமே சொல்லிக் கண்ணடித்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கீபோர்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டாய். தோப்பும்படியில் மீன் ஏலம் எடுக்கிறவர் ராமேஸ்வரத்துக்குத் தகவல் அனுப்ப அதைத்தான் வைத்திருந்தார். இங்கே பிறந்து மலையாளம் மட்டும் படித்த பிள்ளைகள் ஊரிலிருக்கும் பாட்டிமார்களுக்கு எழுதினார்கள். நன்றி சொல்லி ஒருவர் எழுதினால் ஒன்பது பேர் குறை சொல்லி எழுதினார்கள். நீ எல்லோருக்கும் பதில் போட்டாய்.

"ஆளுக்குப் பத்து ரூபா வாங்கினா நீ பங்களா கட்டலாம்டா" என்றேன்.

"பத்து ரூபா இல்லாதவன் அம்மாவுக்கு எழுத வேண்டாமா?" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் வியாபாரம் பேச முடியாது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாள் நின்றது. புதிதாக வந்த போன்களில் கீபோர்டு திறக்கவே இல்லை. அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டும், மூன்று மாதமாவது முழு நேரமும் உட்கார வேண்டும் என்றாய். ஆபீஸ் முடிந்து வந்து எழுதி எழுதி உன் கண் சிவந்திருந்தது. "முடியலடா. நிறுத்திடறேன்" என்று நீ சொன்னபோது, கடையை இழுத்து மூடப் போகிறேன் என்று என் அத்தா சொன்ன மாதிரி எனக்கு இருந்தது.

அப்போதுதான் உன்னிடம் கேட்காமல் மூக்கை நுழைத்தேன். கீபோர்டின் இணையப் பக்கத்தில் மாதா மாதம் செய்தி போடுகிற வேலையை நீ எனக்குக் கொடுத்திருந்தாய் அல்லவா, அங்கே நானே பண உதவி கேட்டு ஒரு வேண்டுகோள் எழுதினேன். உதவி வந்தது. வந்ததும் நம் ஊர்ப் பழக்கப்படி கொடுத்தவர் பெயர்களைப் பலகையில் எழுதுவது போல வரிசையாகப் போட்டேன். அதிகம் கொடுத்தவர் மேலே, கொட்டை எழுத்தில். எல்லாருக்கும் மேலே மசாலாப் பொடிக் கம்பெனி முதலாளி ஒருவர். அவர் போன் செய்து ஒரு சின்ன ஆசை சொன்னார். யாராவது கீபோர்டில் மிளகு என்று தட்டினால், அடுத்த சொல்லாக அவர் கம்பெனிப் பெயர் தானாக வந்து நிற்க வேண்டுமாம்.

"அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்றேன். எனக்கு அது தப்பாகவே படவில்லை. மூட்டைக் கணக்கில் வாங்குகிறவருக்கு எடை போட்ட பிறகு ஒரு பிடி கொசுறு அள்ளிப் போட்டே வளர்ந்த கை இது.

உனக்குத் தெரிந்த அன்று நீ கத்தவில்லை. சாயா கிளாஸை அப்படியே வைத்தாய். "கொசுறு போடணும்னா உன் சாக்குலேர்ந்து அள்ளிப் போடு. இது உன் சாக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். பதினெட்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. உனக்காக வாங்கிய சாயாவையும் நானே குடித்து எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

போன நோன்புக்கு முந்தின வருஷம் அது. நோன்பு பிறந்த மூன்றாம் நாள் இந்தத் தூக்கோடு வாசலில் நின்றாய். "கஞ்சிக்குப் போலாம், வா" என்றாய். ஒன்றுமே நடக்காத மாதிரி. வரிசையில் நமக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரரும், அவருக்கு முன்னால் எனக்கே கடன் கொடுக்கக்கூடிய ஒரு பெரிய வியாபாரியும் நின்றார்கள். நீ அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அரிசி கொடுத்தவனுக்குக் கெட்டியா, கொடுக்காதவனுக்குத் தண்ணியாவா ஊத்தறாங்க?"

"இல்ல."

"அப்ப அந்த லிஸ்ட எடு. அந்த ஆளோட காசத் திருப்பிக் கொடு."

"எடுக்கறேன். ஆனா நானும் ஒண்ணு கேக்கணும். அதோ அடுப்புக்கிட்ட நிக்கிற பண்டாரி சும்மாவா கிண்டறார்? ஊரு கொடுக்கறதுலேர்ந்துதான் அவருக்குக் கூலி. அவரு வெட்கப்படறாரா? உனக்கு மட்டும் ஏன்டா கசக்குது?"

நீ என்னிடம் தோற்றது அந்த ஒரு தடவைதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது.

அப்புறம் வேண்டுகோளை நீயே எழுதினாய். என்ன கெட்டுப் போயிருக்கிறது, சரி செய்ய எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களுக்கு உன் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். யார் பெயரும் கிடையாது. சிறுசிறு தொகையாக வந்து சேர்ந்தது. ஆலுவாவில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் ஒருத்தர், மதுரைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர், காசு அனுப்ப முடியவில்லை என்று சொல்லிக் கீபோர்டில் தப்பாக வரும் சொற்களையெல்லாம் திருத்தி அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ ரொம்ப சந்தோஷப்பட்டாய். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, என் கடை மச்சில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மூன்று மாதம் எழுதினாய். மேலேயிருந்து நீ தும்முகிற சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இப்போதும் மச்சில் எலி ஓடினால்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

நீ போன ஐந்தாம் மாதம் மறுபடி அதே கூத்து. இந்த நோன்போடு சரி, இனி வரும் போன்களில் கீபோர்டு ஓடாது என்று போன் கம்பெனிக்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று சுற்றிலும் ஆள் இருந்தார்கள்.

பிறகு உன் பழைய வேண்டுகோளை எடுத்து வைத்துக்கொண்டு அதே மாதிரி எழுதினேன். செய்து வந்தவர் இறந்துவிட்டார், செய்ய ஒரு ஆள் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க உங்கள் உதவி வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் இது நின்றுவிடும். ஒரு பெயரும் போடவில்லை. உன் பெயரைக்கூட. எழுதிவிட்டு அழித்தேன். இந்த மடலிலும் போடவில்லை பார்.

ஆலுவா டீச்சர்தான் கூப்பிட்டார். என்னை அண்ணன் முறை வைத்து இக்கா என்பார். "இக்கா, காசு வரும். வேலைக்குத்தான் ஆள் கிட்டாது. நான் பார்க்கறேன். பள்ளிக்கூடம் லீவுதானே" என்றார். கூலி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அடம். கஞ்சிப் பண்டாரியின் கதையை அவரிடமும் சொன்னேன். நானே கண்டுபிடித்த தத்துவம் என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன், நீ மன்னித்துவிடு. ஒப்புக்கொண்டார்.

இனி செய்தி. போன வெள்ளிக்கிழமை புதிய கீபோர்டு வந்துவிட்டது. புதுப் போனிலும் ஓடுகிறது. அதற்கு முதல் நாள் டீச்சர் தயங்கித் தயங்கிப் போன் செய்தார்.

"இக்கா, அடுத்த சொல்ல எடுத்துத் தர்ற பட்டியல்ல என்னவோ விசித்திரமா இருக்கு. தொடக்கத்துல யாரோ எழுதின கடிதத்த வெச்சுப் பழக்கியிருக்கார் போல. அது எல்லாருக்கும் வருது. எடுத்துடட்டுமா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது, திருட்டுப் பயலே. என் கடிதங்கள். சோதனைக்கென்று வாங்கியதை வைத்தே கீபோர்டுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். இத்தனை வருஷமாக மீன் ஏலக்காரருக்கும் சிங்கப்பூரில் இருக்கிற யாரோ ஒருவருக்கும் நான் என் மனைவிக்கு எழுதியதை எடுத்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். காப்பிக் காசு ஒன்றும் தராமல்.

"வேண்டாம் டீச்சர். அது மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

கஞ்சியை வாங்கி வந்து மூடியை அழுத்தி மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கிறது. இந்த மடலில் நீ என்ற சொல்லை எத்தனை தடவை தட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அடுத்து எழுத வேண்டிய சொற்களை உன் கீபோர்டே எடுத்து நீட்டுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் மேலப்பாளையத்துக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரி அது. இத்தனை நேரம் அதைத் தள்ளித் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இந்த ஒரு தடவை தள்ளவில்லை.

நீ எப்ப வருவே.