வண்டியை விற்கவில்லை, அண்ணி

ஆரணி
17.11.2024

அன்புள்ள ஹேமலதா அண்ணிக்கு, சிவசங்கரி வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணனும் பிள்ளைகளும் சௌகரியமா? பர்மிங்காமில் குளிர் ஆரம்பித்திருக்கும், உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போன வாரம் போனில், தம்பி வண்டி என்ன விலைக்குப் போனது என்று கேட்டீர்கள். உங்கள் தம்பி பக்கத்தில் இருந்தார், சிக்னல் இல்லை என்று கட் செய்துவிட்டேன். வண்டியை விற்கவில்லை, அண்ணி. விற்கப்போவதாக அவர் சொன்னதும் இல்லை. அது நானாக அடித்த மெசேஜ்.

ஆகஸ்டில் அந்தப் பழைய மேட்ச்லெஸ் மோட்டார்சைக்கிளுக்குச் செயின் தேய்ந்துவிட்டது. அது அக்கா ஊர் வண்டி, அங்கேயே கிடைக்கும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். கடைக்காரர் அளவு கேட்கிறார் என்று நீங்களும் என் போனுக்கு எழுதினீர்கள். உங்களுக்கு, வேண்டாம், வண்டியை விற்கிறார் என்று பதில் போட்டேன். அவரிடம், அங்கே கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். மெசேஜை அழித்துவிட்டேன். செயின் இல்லாவிட்டால் வண்டி கொட்டகையில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமையில் அவர் அதில் ஊர்சுற்றித் திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்கள் தம்பி சும்மா இருக்கிற ஆளா? இருபது வருஷமாக ரைஸ்மில் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். மில் சாமான் கடைக்குப் போய், நெல் ஏற்றும் எலிவேட்டருக்குப் போடும் செயினை வாங்கிவந்து மாட்டிவிட்டார். சக்கரப் பல்லில் கச்சிதமாக உட்கார்ந்தது. இது மில்லு செயினாச்சே என்றேன். மூட்டை மூட்டையா நெல்ல மேல ஏத்திகினு இருக்கிற செயினு, எங்க ரெண்டு பேர இழுக்காதா, சும்மா பேஜார் பண்ணாதே என்றார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, தேவிப்ரியாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தெள்ளாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். வந்தவாசி தாண்டியதும் செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கியது. சக்கரம் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தார்கள். உங்களிடம் சின்னச் சிராய்ப்பு என்று சொன்னது பொய். குழந்தையின் இடது கெண்டைக்காலில் ஒன்பது தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை, இப்போது நடக்கிறாள். நல்லவேளை, அந்த நேரம் அவர்களுக்குப் பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் பெண்ணைச் சுட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை. நான் ஆசைப்பட்டது அதுதானே? தினமும் மகளின் காலைப் பார்க்கிறார். நீ அப்பவே சொன்ன, நான்தான் கேக்கல, புள்ள கால கெடுத்துட்டேன் என்று என்னிடம் வந்து சொல்கிறார். மில்லில் ஒரு போல்ட்டு முடுக்கினாலும், சரியா இருக்குதா பாரு என்று இன்னொருத்தரைக் கூப்பிடுகிறாராம். நான் தலையைக் குனிந்துகொண்டு சோறு போடுகிறேன். இத்தனை நாளும் அப்படித்தான் போனது.

தையல் பிரித்த மறுநாளே தேவிப்ரியா, எப்பப்பா போலாம் என்று கேட்டாள். பதினாலு வயசு, பயம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அவள் கேட்டால் அவர் எத்தனை நாள் மாட்டேன் என்பார்? வாங்கியதில் மீதித் துண்டு இன்னும் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. மறுபடி அதையே எடுத்து மாட்டிவிட்டால்?

ஆகவே அவருக்குத் தெரியாமல் வேலூர் போய், பழைய வண்டிகள் பார்க்கும் அன்பரசு என்கிற மெக்கானிக்கைக் கேட்டேன். மில் எப்போதும் ஒரே சீராக இழுக்கும், வண்டி ஒவ்வொரு கியருக்கும் வெடுக்கென்று இழுக்கும், அளவு ஒன்றாக இருந்தாலும் அந்தச் செயின் இதைத் தாங்காது என்றார். கடையில் மோட்டார்சைக்கிளுக்கென்றே செய்த செயினாகக் கேளுங்கள். பல்லுக்குப் பல் எட்டில் அஞ்சு இன்ச், உள் அகலம் எட்டில் மூன்று இன்ச். அகலம் குறைந்த செயினைக் கொடுத்தால் வாங்காதீர்கள், பல்லில் இறங்காது. ரப்பர் வளையம் வைத்ததும் வேண்டாம், தடிமன் அதிகமாகி மூடியில் உரசுமாம். நீளம் கூடினால் இங்கே வெட்டிக்கொள்ளலாம், குறையக் கூடாது. போட்டோவில் அளவு தெரியாது என்பதால், பின்சக்கரப் பல்லில் கிரீஸ் தடவி ஒற்றியெடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பல். மூன்று தடவை எண்ணினேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அந்தக் காகிதத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

வண்டியே வேண்டாம் என்று நினைத்தவள்தான் இதையும் கேட்கிறேன். சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, சீக்கிரம் அனுப்புங்கள், அண்ணி.

பார்சலை என் பெயருக்கே அனுப்புங்கள். பிரித்து அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டும். அதுவரை அவர் போன் செய்தால் எதுவும் தெரியாத மாதிரி இருங்கள், உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்மேல் நிஜமாகக் கோபப்பட்டதே இல்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் உங்களோடு சண்டை போட்டால் எத்தனை நாள் கழித்துப் பேசுவார்? பார்சலில் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை மட்டும் எழுதி வையுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
சிவசங்கரி தனசேகரன்